தோட்டத்து முதுமை

வயதான தாயையோ தந்தையையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தவுடன், "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நடந்ததுண்டா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதை மலாயாத் தோட்டங்களின் வரலாற்றில் சற்றே தேடிப் பார்ப்போம்.

கங்காணிகள் தமிழகத்தில் ஆள் சேர்த்தபோது, காடழிக்கவும் பால்மரம் சீவவும் ஏற்ற திடமான உடல்களையே தேடினார்கள். முதுமைக்கு அத்திட்டத்தில் இடமே இல்லை. லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தொழிலாளி தளர்ந்தால் அவன் போகவேண்டிய இடம் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதே அன்றைய நிர்வாகங்களின் கணக்கு. ஆக, முதியவரை இடம் பெயர்ப்பது நம் காலத்துப் புதுமையன்று.

1938இல் இந்திய அரசு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதற்குத் தடை விதித்தது. பிறகு போர் வந்தது. இங்கேயே பிறந்த தலைமுறை தலையெடுத்தது. அப்போதுதான் நம் தோட்டங்களில் தாத்தா பாட்டிகள் பெருகினார்கள். மகனோ மருமகளோ வேலையில் இருந்தால் வீடு நிலைத்தது. விடியுமுன் மற்றவர்கள் பெரட்டுக்குப் போய்விட, பாட்டி ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். தாத்தா அஞ்சடியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்தார். அவர் ஒருநாள் அஞ்சடிக்கு வராவிட்டால், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். கூட்டுக் குடும்பம் முதியவரைக் காத்தது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதியைக் காத்தது லயம்.

1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். அன்றாடக் கூலியில் பிடித்த பணம் எவ்வளவு இருந்துவிடும்? பல வீடுகளில் அது கடைசி மகளின் திருமணத்தோடு கரைந்தது. சமூக நலத் துறை 1946லேயே தோன்றிவிட்டது. ஆயினும், 'ரூமா ஸ்ரீ கெனாங்கான்' எனப்படும் அதன் முதியோர் இல்லங்கள் அறுபது வயது கடந்த, ஆதரவற்றவர்களுக்கே உரியவை. பிள்ளைகள் உள்ளவர்கள் தனியார் இல்லங்களையோ தொண்டு இல்லங்களையோதான் நாடவேண்டும். அத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டம். சேர்க்கப் போகிறவர்கள் அந்தப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கத் தயங்கக்கூடாது.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். எங்கள் பெரியம்மாவும் அப்படி வந்தவர்தான். முப்பது ஆண்டு மரம் சீவிய முழங்கால்கள் இப்போது நான்கு மாடி இறங்க மறுக்கின்றன. நாங்கள் வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, மாலைவரை தனியே இருக்கிறார். இரண்டு முறை விழுந்தும்விட்டார். இல்லத்தைப் பற்றி நாங்கள் மாதக்கணக்கில் எங்களுக்குள்ளேயே பேசினோம், அவரிடம் பேசவில்லை. வெட்கம்தான் காரணம்.

கடைசியில் ஒரு நாள் சொன்னோம். பெரியம்மா அழவில்லை. "அங்க அஞ்சடி இருக்கா? ஆளுங்க போற வர்ற எடமா?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. கட்டணம் கேட்டோம், மருத்துவர் வருவாரா என்று கேட்டோம்; அதைக் கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை அவரையே அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கப் போகிறோம். பிடிக்கவில்லை என்றால், கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு தேடுவதாக ஏற்பாடு.