அச்சாரமும் அட்வான்ஸும்

"அட்வான்ஸ்னா அட்வான்ஸ் தானுங்க. அதெல்லாம் திரும்பாது."

சேலத்தில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் இதைக் கேட்டபோது என்னோட இருபதாயிரம் ரூபாய் அந்த ஆளின் மேஜை டிராயருக்குள்ளே இருந்தது. நான் வாங்க நினைத்தது ஒரு பழைய வேகன் ஆர். விலை ரெண்டே கால் லட்சம். அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் ஆர்.சி. நகலை உற்றுப் பார்த்தால் எச்.பி. இன்னும் கேன்சல் ஆகவில்லை. அதாவது பழைய ஓனர் ஃபைனான்ஸில் வாங்கிய கடன் வண்டி மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. "பதினைஞ்சு நாள்ல என்.ஓ.சி. வாங்கித் தந்துடறேனுங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரலை. வண்டி வேண்டாம், காசைக் கொடுங்க என்றேன். அதுக்குத்தான் மேலே சொன்ன பதில்.

நாமக்கல் வந்து அப்பாவிடம் புலம்பினேன். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். "நீ குடுத்தது அச்சாரமா, வெலையில ஒரு பகுதியா? மொதல்ல அதைச் சொல்லு" என்றார். ரெண்டும் ஒண்ணுதானே என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில் கிடைத்த கதைதான் இது.

எங்க தாத்தா புதன்சந்தையில் மாடு பிடிக்கும்போது தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவாராம். படிந்ததும் தாத்தா ஒரு சின்னத் தொகையை மாட்டுக்காரர் கையில் வைப்பார். அது விலை இல்லை, வாக்கு. அச்சாரம் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். வடமொழியில் சத்தியங்காரம், அதாவது சத்தியம் செய்வது. அது தெலுங்கிலும் கன்னடத்திலும் சஞ்சகாரம் ஆகி, நம்மிடம் அச்சாரமாக நிற்கிறது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி, சத்தியங்காரமாக வைத்த பொருளை இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் அதுக்கு மிதாக்ஷரா என்று உரை எழுதிய விஞ்ஞானேசுவரர் இன்னும் தெளிவாகப் பிரிக்கிறார். மோதிரம் மாதிரி ஏதாவது கொடுத்தவனே பேச்சு மாறினால் மோதிரம் போச்சு. வாங்கிக்கொண்டவன் மாறினால் ரெண்டு மடங்கு தரணும். ஆச்சரியம் என்னன்னா, கி.பி. 533-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமச் சட்ட நூலிலும் இதே கணக்குத்தான். ஆக, "அட்வான்ஸ் திரும்பாது" என்பது பாதி வாக்கியம். மீதிப் பாதியை வியாபாரிகள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள் :-)

வெள்ளைக்காரன் 1872-ல் கொண்டுவந்த ஒப்பந்தச் சட்டத்தில் ரெண்டு மடங்கு கிடையாது. அதன் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடு என்கிறது. எது நியாயம்? அங்கேதான் சண்டை.

1949-ல் டெல்லியில் ஒரு பங்களா விற்பனை. மொத்தம் 1,12,500 ரூபாய். அச்சாரம் 1,000, அப்புறம் இன்னொரு 24,000 கொடுத்தார்கள். வியாபாரம் முறிந்தது. விற்றவர் 25,000-ஐயும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். 1963-ல் உச்ச நீதிமன்றம், 1,000 அச்சாரம், அது உனக்கு. 24,000-ஐ சும்மா முழுங்க முடியாது, நஷ்டத்தைக் காட்டு என்றது. ஃபதே சந்த் வழக்கு. அப்பா கேட்ட அதே கேள்வி!

எங்க ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் வழக்கு இன்னொண்ணு. மௌலா பக்ஸ் என்பவர் 1947-ல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு தருவதாக 10,000 ரூபாயும், கோழி, முட்டை, மீன் தருவதாக 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டினார். (முட்டை என்றதும் நாமக்கல்காரன் நிமிர்ந்து உட்காருவான்.) மனுஷன் ஒழுங்காகச் சப்ளை செய்யவில்லை. அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்து செய்து ரெண்டு டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டது. தப்பு அவர் மேல்தான். ஆனாலும் 1969 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. இது அச்சாரம் இல்லை, செக்யூரிட்டி டெபாசிட். கிழங்கை வேறு இடத்தில் என்ன விலைக்கு வாங்கினாய், எவ்வளவு நஷ்டம் என்று அரசாங்கம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

ரெண்டு மாசம் கழித்து, அதே 1969 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. இது பழைய சாமான் வாங்கிய கதை, என் கதைக்குக் கிட்டத்தில் வருவது. உலகப் போர் முடிந்த அடுத்த வருஷம், 1946-ல், டாடா ஏர்கிராஃப்ட் கம்பெனியிடம் விமான ஸ்கிராப்பை 10 லட்சத்துக்கு வாங்க ஸ்ரீ அனுமான் காட்டன் மில்ஸ் ஒப்புக்கொண்டு 25 சதவீதம், அதாவது 2,50,000 கட்டியது. மீதியைக் கட்டவில்லை. ஒப்பந்தத்திலேயே இது அச்சாரம், பணம் கட்டத் தவறினால் போய்விடும் என்று எழுதியிருந்தது. மில் தோற்றது. 1946-ல் ரெண்டரை லட்சம்! நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

நான் என் ரசீதை எடுத்துப் பார்த்தேன். "வண்டி விலையில் முன்பணம் ரூ. 20,000 பெற்றுக்கொண்டேன்." அவ்வளவுதான். அச்சாரம் என்றோ, திரும்பாது என்றோ ஒரு எழுத்து இல்லை. எச்.பி. இருக்கிற விஷயமும் இல்லை. பேச்சு மாறியது நானா, அவரா?

சட்டம் பேசிச் சண்டை போடவில்லை. ரசீது நகல், ஆர்.சி. நகல் ரெண்டையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பதினைஞ்சு நாளில் பணம் வராவிட்டால் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரையான புகாருக்கு அங்கே கட்டணமே கிடையாது என்று கடைசி வரியில் எழுதினேன். அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் ஃபோன். "வாங்க, பேசிக்கலாம்." போனால் பதினெட்டாயிரம் எண்ணிக் கொடுத்தார். ரெண்டாயிரம் வாட்டர் வாஷும் பாலிஷும் போட்ட செலவாம். மௌலா பக்ஸை மனசில் நினைத்துக்கொண்டு, "பில் காட்டுங்கண்ணா" என்றேன். ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு மூணு ஐநூறு ரூபாய் நோட்டு எடுத்து நீட்டினார்.

"மீதி ஐநூறு?" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும். அதை மட்டும் நான் கேட்கலை.