பஃபலோவில் ஆளைக் கொன்றது பனியா?

1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேற்கு ஓரமா இருக்கிற ஊர் பஃபலோ. காலைல வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான பேர் அன்னிக்கு வீடு திரும்ப முடியல. முற்பகலில் ஆரம்பிச்ச பனிப்புயல் பிப்ரவரி 1 வரை ஓயல. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 29 பேர் இறந்தாங்க.

இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. அந்த நாட்கள்ல வானத்துலேர்ந்து புதுசா விழுந்த பனி சுமார் ஒரு அடி தான். அந்த ஊருக்கு அது சாதாரணம். அப்புறம் எப்படி?

காரணம் பக்கத்துல இருக்கிற ஈரி ஏரி. (ஆமாங்க, பேரே ஈரி தான்!)

குளிர்காலத் தொடக்கத்துல ஏரித் தண்ணி 4, 5 டிகிரியில இருக்கும். மைனஸ் 10, 15-ல வர்ற காத்துக்கு அது வெந்நீர் மாதிரி. ஏரி மேல நீளவாக்குல வீசுற காத்து ஆவியை அள்ளிக்கிட்டு வந்து, கரையேறினதும் பனியாக் கொட்டிடும். ஏரியோட கிழக்கு முனையில உட்கார்ந்திருக்கிற ஊர் பஃபலோ. பிறகு ஏரி உறைஞ்சு மூடிட்டா ஆவி குறையும், பனியும் குறையும்.

அந்த வருஷம் ஏரி டிசம்பர் நடுவுலயே உறைஞ்சிடுச்சு. ஊர் நிம்மதியாத் தான் இருந்திருக்கும். ஆனா அதுக்கப்புறம் பெஞ்ச பனியெல்லாம் உறைஞ்ச ஏரி மேல பொடியாக் குவிஞ்சு கிடந்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல வந்த காத்து அத்தனையையும் வாரி ஊருக்குள்ள வீசிடுச்சு. மிருகக்காட்சி சாலையில வேலி உயரத்துக்குப் பனி குவிஞ்சு, மூணு பனிமான்கள் அது மேல நடந்தே வெளிய போயிடுச்சு!

இறந்தவங்கள்ல 9 பேர் பனியில புதைஞ்ச கார்களுக்குள்ள கிடைச்சாங்க.

ஒரு டாக்டரா நான் நிக்கிற இடம் இது. காருக்குள்ள சாவு ரெண்டு வழியில வரும். என்ஜினை அணைச்சா குளிர். ஓட விட்டா, பனி சைலன்சரை மூடி, புகை உள்ளயே திரும்பும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. நம்ம ரத்தத்துல உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட அதை 200 மடங்குக்கு மேல இறுக்கிப் பிடிச்சுக்கும். லேசாத் தலைவலி, அப்புறம் தூக்கம். களைப்புன்னு தான் நினைப்பாங்க.

மூணாவது வழி வீட்டு வாசல்லயே இருக்கு. பனியை வாரி ஒதுக்குறது. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், கையால கனம் தூக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்குவோம். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயம் பாவம் என்ன செய்யும்? கடும் பனி விழுந்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு அதிகமாகிறதை கனடாவின் கியூபெக்கில் ஆய்வு செஞ்சே காட்டியிருக்காங்க.

நாலாவது வழியை 2022-ல ஊரே பார்த்தது. டிசம்பர் 23, அதுவும் வெள்ளிக்கிழமை தான். இந்த முறை ஏரி உறையல. விமான நிலையத்துல மட்டும் நாலு அடிக்கு மேல பனி. எதிர்ல ஒண்ணும் தெரியாத நிலை 37 மணி நேரம் நீடிச்சது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டிகளும் தெருவுலயே சிக்கிக்கிச்சு. போன் போட்டவங்களுக்கு உதவி போய்ச் சேரல. ஈரி கவுண்டியில 40-க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. கார்ல, தெருவுல, ஹீட்டர் நின்னுபோன வீட்டுல, பனி வாரும்போது, ஆம்புலன்சுக்குக் காத்திருந்து.

வானிலைக்காரங்க பல நாள் முன்னாடியே சொல்லியாச்சு. ஆனா வண்டி ஓட்டத் தடை வந்தது வெள்ளிக்கிழமை காலை 9:30-க்கு. அதுக்குள்ள பல பேர் வேலைக்குக் கிளம்பிட்டாங்க. 1977-ல நடந்த அதே கதை! சம்பளம் போயிடும்னு கிளம்புனவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தாமதமா வந்த உத்தரவைத் தான் சொல்லுவேன்.

2024 ஜனவரியில அடுத்த பெரும்பனி. ஞாயித்துக்கிழமை அந்த ஊர் ஃபுட்பால் டீமுக்கு முக்கியமான மேட்ச். சனிக்கிழமையே மேட்சைத் தள்ளி வச்சாங்க, அன்னிக்கு ராத்திரியே சாலைகளை மூடுனாங்க. காத்து அடங்குனதும், மைதானத்துல பனி வார வாங்கன்னு ரசிகர்களைக் கூப்பிட்டாங்க. மணிக்கு 20 டாலர் கூலி. செய்தியைப் படிச்சப்போ, வர்றவங்களுக்கு முதல்ல பிரஷர் பாத்தாங்களான்னு தான் எனக்குத் தோணுச்சு.