டால்படில் ஜெபவீடு

சேரிக் கோவில்களின் கதையை மதமாற்றக் கணக்காக மட்டும் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. கோவிலுக்குள் கூலிக்காரர் என்ன கற்றார் என்பதை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க உதவும் என்றே இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள டால்படில் என்ற சிற்றூரைப் பற்றிச் சொல்கிறேன்.

1818இல் அங்கே வெஸ்லியன் மெதடிஸ்டுகள் மண்ணும் வைக்கோலும் குழைத்துச் சுவரெழுப்பி ஒரு ஜெபவீடு கட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே சபையின் மிஷனரி சென்னைக்கு வந்திருந்தார். ஊரில் அரசுத் திருச்சபையின் கற்கோவில் ஏற்கெனவே இருந்தது. அங்கே உழைப்பாளிக்குக் கேட்கிற வேலை மட்டும்தான். ஜெபவீட்டில் அவர் எழுந்து பேசலாம். ஜார்ஜ் லவ்லெஸ் பண்ணைக்கூலி; ஞாயிற்றுக்கிழமை அவரே உபதேசியார்.

சுற்றுவட்டாரக் கூலியையே தருவதாகப் பண்ணையார்கள் ஒப்புக்கொண்டதற்குத் தாமே சாட்சி என்று கற்கோவில் குருவானவர் சொன்னாராம், பிறகு மறுத்துவிட்டாராம். லவ்லெஸ்தான் இதை எழுதி வைத்திருக்கிறார். வாரக்கூலி 9 ஷில்லிங் ஆனது, பிறகு 8, பிறகு 7. அடுத்து 6 என்றார்கள். அரைப்படி நெல்லுக்காக வெண்மணியில் எரிந்த 44 பேரை அறிந்த நமக்கு அந்த ஒரு ஷில்லிங்கின் எடை தெரியும்.

1833இல் சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. ஆகவே கடற்படைக் கலகத்துக்காக 1797இல் போட்ட சட்டத்தைத் தேடியெடுத்து, இரகசியமாகச் சத்தியம் செய்வித்தார்கள் என்று 1834 பிப்ரவரியில் ஆறு பேரைப் பிடித்தார்கள். ஏழாண்டு நாடுகடத்தல். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஜெபவீட்டார். வெஸ்லியன் சபையில் அன்று செல்வாக்கோடிருந்த ஜேபஸ் பண்டிங்கோ தீவிர அரசியலை வெறுத்தவர். மேலிடம் அப்படித்தான், நம் சபைகளிலும் பார்த்திருக்கிறோம்.

இலண்டனில் தொழிலாளர் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களில் ஐவர் பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் டால்படிலிலேயே தங்கி, 1891இல் ஏழைகள் விடுதியில் இறந்தார். அந்த மண்சுவர் ஜெபவீடு பண்ணைக் கொட்டகையாகிப் போனது. ஹாமெட்டின் கல்லறைக்கு 1934இல்தான் பெயர் பொறித்த கல் வைத்தார்கள். வைத்தது தொழிற்சங்கம்.