'சாமி வந்துருச்சு'... கடவுள் ஆணா, பெண்ணா? மதங்கள் சொல்வது என்ன?

மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் என்றதும் நினைவுக்கு வருவது ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் முதலில் அவிழ்க்கப்படுவது முனியாண்டி கோயில் காளை. சாமி காளை என்பதால் அதை யாரும் பிடிப்பதில்லை. அந்த ஊர்ப் பக்கம் சாமியைப் பற்றி மக்கள் பேசுவதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். 'அழகர் வர்றாரு' என்பார்கள். 'ஆத்தா வந்துட்டா' என்பார்கள். அதே வாயால் 'சாமி வந்துருச்சு' என்றும் சொல்வார்கள். ஒன்று மரியாதைப் பன்மை, ஒன்று பெண்பால், ஒன்று அஃறிணை.

அப்படியென்றால் கடவுள் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா? மதங்கள் என்ன சொல்கின்றன? இந்தக் கேள்வி ஏன் கோர்ட் வரை போனது? விரிவாகப் பார்க்கலாம்.

அழகர் எடுக்கும் மோகினி வேடம்

அழகர்கோவிலில் இருந்து மதுரைக்கு வரும் கள்ளழகர், ஒரு காலத்தில் அலங்காநல்லூர் வழியாகத் தேனூருக்குப் போய் ஆற்றில் இறங்கினார் என்பது இந்தப் பகுதியின் செவிவழிக் கதை. அங்கே அவருக்கு அலங்காரம் நடந்ததால்தான் 'அலங்கார நல்லூர்' என்ற பெயர் வந்து, பின்னர் அலங்காநல்லூர் ஆனது என்றும் சொல்வார்கள்.

மீசை வைத்த கள்ளர் வேடத்தில் கையில் வளரியோடு புறப்படும் அழகர்தான், சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரக் காட்சியில் மோகினியாகவும் வருகிறார். ஆண் தெய்வம் பெண் கோலத்தில் வந்ததைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

அழகர்கோவில் வாசலில் இருக்கும் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைப் பாருங்கள். பெயர் ஆண் பெயர். ஆனால் அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய கதவுகளைத்தான் மக்கள் கும்பிடுகிறார்கள்.

சாமியாட்டத்திலும் இதே கதைதான். அம்மன் இறங்குவது ஆண் சாமியாடி மேல் என்றாலும், அந்த நேரத்தில் அவரை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தமிழ் இலக்கணம் என்ன சொல்கிறது?

தமிழில் ஒரு வினைச்சொல்லை முடிக்க வேண்டும் என்றால் வந்தான், வந்தாள், வந்தது என்று ஏதாவது ஒரு பாலைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தெய்வத்துக்கு என்ன செய்வது? இந்தச் சிக்கலைத் தொல்காப்பியமே பேசியிருக்கிறது. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனியாக விகுதி இல்லை; மக்களுக்கு உரிய உயர்திணை விகுதிகளையே அவை வாங்கிக்கொள்ளும் என்கிறது சொல்லதிகாரம். அதாவது ஆண்பால், பெண்பால் விகுதிகள் நம்மிடம் இருந்து தெய்வத்துக்குக் கடனாகப் போனவை.

'கடவுள் வந்தார்' என்கிறோமே, அந்த 'ஆர்' இலக்கணப்படி பலர்பால் விகுதி. இன்று அது மரியாதைக்காக வருகிறது. அப்பா வந்தார், அம்மா வந்தார் இரண்டுமே சரி. எனவே அந்த விகுதியை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. 'தெய்வம் காப்பாத்துச்சு' என்ற பேச்சு வழக்கிலோ ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை.

மீனாட்சி ஆட்சி

சைவ சித்தாந்தம் இறைவனின் நிலையை அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. சிவலிங்கம் அருவுருவம். உருவம் உண்டு, ஆனால் கண், கை, கால் என்ற உறுப்புகள் இல்லை. இன்னொரு பக்கம், நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டில் மூலவரே பாதி ஆண், பாதி பெண்ணாக இருக்கும் அர்த்தநாரீஸ்வரர்.

மதுரையில் சித்திரை முதல் ஆவணி வரை மீனாட்சி ஆட்சி. அதன் பிறகு சுந்தரேஸ்வரர் ஆட்சி. சித்திரைத் திருவிழாவில் செங்கோல் மீனாட்சி கைக்குத்தான் போகிறது.

மதுரைப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், மூன்று பாலாகவும் இருப்பவன் சிவன் என்று திருவெம்பாவையில் பாடினார். அழகர்மலையைப் பாடிய நம்மாழ்வாரோ எந்தப் பாலிலும் அடங்காதவன் திருமால் என்று திருவாய்மொழியில் பாடினார். ஒருவர் 'எல்லாமும்' என்கிறார், இன்னொருவர் 'எதுவும் இல்லை' என்கிறார். கடவுளை ஒரே பாலுக்குள் அடைக்க முடியாது என்பதில் இருவரும் ஒன்றுதான்.

கிறிஸ்தவம்: தந்தை, ஆனால் ஆண் அல்ல

கிறிஸ்தவர்கள் கடவுளைத் தந்தை என்று அழைக்கிறார்கள். ஆனால் 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பைபிளில் ஏசாயா நூல், தாய் பிள்ளையைத் தேற்றுவதைப் போலக் கடவுள் தேற்றுவதாகச் சொல்கிறது.

பரிசுத்த ஆவியைக் குறிக்கும் சொல் எபிரேயத்தில் பெண்பால், கிரேக்கத்தில் அஃறிணை. தமிழிலும் 'ஆவி' அஃறிணைதான். அதனால்தான் மரியாதை சேர்த்து 'ஆவியானவர்' என்று சொல்கிறார்கள். பொது வழிபாட்டில் கடவுளுக்குப் பால் சாராத சொற்களைப் பயன்படுத்தலாமா என்று ஆராயப்போவதாக 2023-ல் இங்கிலாந்து திருச்சபை அறிவித்தபோது உலகம் முழுக்க அது விவாதம் ஆனது.

இஸ்லாம்: 'அவன்' ஏன்?

அல்லாஹ்வுக்கு ஆண், பெண் என்ற தன்மையே கிடையாது என்பது இஸ்லாத்தின் அடிப்படை. அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை, அவனுக்கு நிகர் எதுவும் இல்லை என்பதே குர்ஆனின் 112-வது அத்தியாயத்தின் சாரம். பழைய அரேபியர்கள் மூன்று பெண் தெய்வங்களை அல்லாஹ்வின் மகள்களாகக் கருதியதையும் குர்ஆன் மறுக்கிறது.

அப்படியானால் 'அவன்' என்று ஏன் சொல்கிறார்கள்? அரபு மொழியில் ஆண்பால், பெண்பால் இரண்டுதான். அஃறிணை போன்ற மூன்றாவது வழி இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புகள் 'அவர்' என்ற பன்மை வடிவத்தைத் தவிர்த்து 'அவன்' என்று ஒருமையில் சொல்கின்றன. கடவுள் ஒருவனே என்ற கருத்து அதில் அழுத்தமாக வருகிறது.

சீக்கியமும் சமணமும்

சீக்கியர்களின் கடவுளுக்கு உருவம் இல்லை. குரு கிரந்த சாகிப் அந்தக் கடவுளைத் தந்தை, தாய் என்று இரண்டாகவும் அழைக்கிறது. சமணத்தில் படைப்புக் கடவுளே கிடையாது. ஆனாலும் 19-வது தீர்த்தங்கரர் மல்லி பெண் என்கிறார்கள் சுவேதாம்பரர்கள். ஆண் என்கிறார்கள் திகம்பரர்கள். பெண் உடலோடு வீடுபேறு அடைய முடியுமா என்பதுதான் இந்தப் பழைய சண்டையின் அடிப்படை.

சரி, இதனால் நமக்கு என்ன?

சாமிக்குப் பால் இல்லை என்று சொன்னாலும், சாமிக்குப் பூசை செய்பவரின் பால் எப்போதும் கேள்வியாகவே இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்தில் ஓர் அம்மன் கோயிலில், பூசாரியாக இருந்த அப்பாவுக்குப் பிறகு மகள் பூசை செய்ய எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2008-ல் நீதிபதி கே.சந்துரு அந்தப் பெண் பூசை செய்யலாம் என்று தீர்ப்பளித்தார். மூலவரே பெண் தெய்வமாக இருக்கும் கோயிலில் ஒரு பெண் பூசை செய்வதை எதிர்ப்பது முரண் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

2023-ல் தமிழக அரசின் அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் முடித்தார்கள். தென்னிந்திய திருச்சபையில் 2013-ல் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் ஆண்கள் மட்டுமே குருக்கள். அதற்கு அந்தச் சபை காட்டும் காரணம் கடவுள் ஆண் என்பது அல்ல; இயேசு தன் திருத்தூதர்களாக ஆண்களைத் தேர்ந்தெடுத்தார் என்பது. மசூதியிலும் ஆண்கள் இருக்கும் தொழுகைக்கு ஆண் இமாம்தான் முன்நிற்பார்.

ஆக, யார் கருவறைக்குள் போகலாம், யார் முன்நின்று தொழுகை நடத்தலாம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மரபும் வழக்கமும்தான். கடவுளின் பால் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால், 'சாமி குத்தம் ஆயிடும்' என்று சொல்லி ஒருவரைத் தடுக்கும்போது, அது சாமியின் விதியா, ஊரின் விதியா என்று கேட்க முடியும். உசிலம்பட்டிப் பெண் கோர்ட்டில் கேட்டதும் அதைத்தான்.