பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். திண்ணைப் பள்ளிகளில் சிறார் ஓதிய சுவடிகளுள் பொன்னிலக்கம் ஒன்று, நெல்லிலக்கம் மற்றொன்று. முன்னது எண்ணையும் பின்னத்தையும் கற்பித்தது. பின்னதோ செவிட்டில் தொடங்கிக் கலம் வரையில் கூட்டிச் சென்றது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். மனப்பாடந்தான், ஆயினும் வெற்றொலியன்று. வீட்டுக் குதிரும் களத்து மரக்காலும் சிறுவனின் கண்முன் நின்றன.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலாரில் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்குத் திரளாகக் குடியேறின. நெல்வயலை விட்டுப் பொன்வயலுக்குச் சென்றனர் எனலாம். அங்கே பிறந்த குழந்தை எத்தனை அளவைகளுக்கு நடுவே வளர்ந்தது, பாருங்கள்! அடுக்களையில் படியும் ஆழாக்கும். கன்னட அங்காடியில் சேரும் கொளகமும். தந்தை இறங்கிய சுரங்கத்தின் ஆழத்துக்கு அடி. வெளிவந்த பொன்னுக்கு அவுன்சு. அந்த அவுன்சும் பொது வழக்கிலிருந்த அவுன்சு அன்று. இது 28 கிராம் அளவினது. பொன்னின் அவுன்சோ 31 கிராமுக்குச் சற்று மிகுந்தது.

1957 ஏப்ரல் முதல் நாள் புதிய நாணய முறை வந்தது. மெட்ரிக் அளவைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு அணா, அதுவே மாகாணி. மாகாணி வாய்பாடு அறிந்த பாட்டி அணாக் கணக்கை நொடியில் சொல்லிவிடுவாள். புதிய முறையில் ஓர் அணாவுக்கு ஆறு நயா பைசா, நான்கணாவுக்கோ இருபத்தைந்து! நாலாறு இருபத்துநான்கு என்றிருந்தவளைத் திகைக்க வைத்தது அந்த ஒரு பைசா. பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் உரிமை அவள் கையினின்று நழுவியது. இதனைச் சிறிய இழப்பென்று நான் கருதவில்லை. எனினும், பழைய படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. மொழி தெரியாத ஊரில் அரிசி வாங்குகிறவருக்கு, எங்கும் மாறாத கிலோவும் லிட்டரும் பெருந்துணையன்றோ?

குழந்தைக்கு அலகின் பெயர் பிறகு வரட்டும். ஒப்பிடும் பழக்கம் முதலில் வரட்டும். ஒரு தம்ளர் நீரை ஒடுங்கிய நெடிய பாத்திரத்தில் ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை நீர் மிகுந்துவிட்டதென்றே பெரும்பாலும் சொல்லும். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இதனை ஆராய்ந்து எழுதினார். பிள்ளையின் கூற்றை மறுத்துரைப்பதனால் பயனில்லை. அதன் கையாலேயே நீரைத் திரும்ப ஊற்றச் செய்தல் வேண்டும். மேசையைச் சாணால் தந்தையும் அளக்கட்டும், மகளும் அளக்கட்டும்; இரண்டு விடை வரும். பொது அளவு எதற்கென்னும் வினா அப்போது அவளிடமே பிறக்கும்.

முகத்தலும் நிறுத்தலும் ஒன்றல்ல என்பதற்குத் தங்கத்தினும் சிறந்த சான்று ஏது? ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அதே கலம் நிறையத் தங்கமாயின் பத்தொன்பது கிலோவுக்கும் மேல். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் இறுதிக் காலத்தில் ஒரு டன் கல்லை, அதாவது பத்து இலட்சம் கிராமை அரைத்தால் சில கிராம் பொன்னே கிடைத்தது. எஞ்சிய தூளெல்லாம் சயனைடு மலைகளாகக் குவிந்து கிடக்கிறது. கோலார்ப் பிள்ளைகள் அம்மேடுகளைப் பார்த்தே வளர்கின்றனர்.