பர்கண்டியிலிருந்து விரட்டப்பட்ட திராட்சை

புனேவுக்கு வந்த பிரெஞ்சுக்கார வாடிக்கையாளர் ஒருவர் டின்னரின்போது ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி "மஸ்கடே" என்றார். என் காதில் மஸ்கட் என்று விழுந்தது. "எங்க ஊர் ஆளுங்க அங்க நிறைய பேர் வேலை பார்க்கிறாங்க" என்று சொல்லி வைத்தேன். மனுஷர் குழம்பிப் போய், ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். (அம்மா இதைப் படித்தால்: ஒரே வாய்தான்.) இனிப்பு துளியும் இல்லை. எலுமிச்சைத் தோலைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு, முடிவில் நாக்கில் லேசாக உப்புக் கரிப்பு. பச்சைச் சிப்பியோடு சாப்பிடுவார்களாம்.

ஒயினைவிட எனக்குப் பிடித்துப் போனது அதன் கதை. அதைத் தேடிப் படித்ததில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் பக்கம், நாந்த் நகரத்தைச் சுற்றி விளைவது இது. திராட்சையின் பெயர் 'மெலன் த பூர்கோன்', பர்கண்டி மெலன். முலாம்பழம் இல்லை, மஸ்கட் திராட்சையும் இல்லை. பர்கண்டியோ அங்கிருந்து கிட்டத்தட்ட 500 கி.மீ. கிழக்கே இருக்கிறது. பிறந்த ஊரை விட்டு வந்து பல தலைமுறை ஆன பிறகும் இனிஷியலில் ஊர்ப்பெயரை வைத்திருக்கிறோமே, அந்த மாதிரிதான்.

ஆனால் இது தானாகக் கிளம்பி வந்ததில்லை. பர்கண்டியில் பெரிய இடத்து ஒயின் என்றால் பினோ. நிறையக் காய்க்கிற, குடியானவன் விரும்பி நடுகிற கொடிகளைக் கண்டால் ஆட்சியாளர்களுக்கு ஆகாது. 1395-ல் கோமகன் பிலிப் காமே என்ற கறுப்புத் திராட்சையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். பின்னால் மெலனுக்கும் அதே கதிதான். பலமுறை தடை வந்தது.

நாந்த்தில் இதை வரவேற்றது டச்சு வியாபாரிகளின் தேவை. 17-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கு வேண்டியது நல்ல ஒயின் இல்லை. காய்ச்சி வடிக்க மலிவான வெள்ளை ஒயின். 'எரித்த ஒயின்' என்று பொருள்படும் அவர்களுடைய சொல்தான் தேய்ந்து பிராந்தி ஆனது. (நம் டாஸ்மாக் பலகை வரைக்கும் வந்துவிட்ட சொல்!) காய்ச்சுவதற்கு மணமும் குணமும் எதற்கு? புளிப்பும் விளைச்சலும் போதும்.

பிறகு வந்தது 1709. அந்த ஜனவரியில் ஐரோப்பா உறைந்தது. ஆறுகள் கட்டியாயின, பீப்பாய்க்குள்ளேயே ஒயின் உறைந்தது, விதைத்த கோதுமை மண்ணுக்குள் செத்தது. அந்தக் குளிரிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் பிரான்ஸில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நாந்த் பக்கத் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. பனியை ஓரளவு தாங்கும் மெலனை வைத்துத்தான் பிறகு திரும்ப நட்டார்கள். விரட்டப்பட்ட கொடி அந்த மண்ணுக்கே உரியதானது இப்படித்தான்.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் நாந்த் என்று தேடினால் வேறொன்றும் கூடவே வருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் அடிமை வியாபாரத்துக்கு முதல் துறைமுகம் அதுதான். ஆப்பிரிக்கக் கரைக்குப் போன கப்பல்களில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப் பிராந்தியும் ஏற்றினார்கள், இந்தியத் துணியும் ஏற்றினார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1730-களின் தொடக்கம் வரை தன் சரக்கை ஏலம் விட்டதும் நாந்த்தில்தான். புதுச்சேரிக் கப்பல்கள் கொண்டுவந்த சோழமண்டலக் கரைத் துணியும் அந்தச் சரக்கில் உண்டு. நம்ம ஊர்த் தறியில் நெய்த துணி எங்கே, எதற்கு விலையாகப் போனது என்று அதை நெய்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒயின் பற்றிப் படிக்கப் போனவன் இதில் வந்து நின்றேன். நாந்த் நகரம் அடிமை ஒழிப்பு நினைவிடம் ஒன்றை ஆற்றங்கரையில் 2012-ல் திறந்தது.

திராட்சைக்கு வருகிறேன். மெலனுக்கு மணம் குறைவு என்பதால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை வடிக்காமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டுவிட்டு, பிறகு நேரே பாட்டிலில் அடைப்பார்கள். 'சூர் லி' என்று லேபிளில் இருக்கும். நாக்கில் ஒரு மெல்லிய சுருக்கும் கொஞ்சம் கனமும் அதில் வருவதுதான். 1936, 37-ல் சட்டப்படி பெயர் பாதுகாப்பும் கிடைத்தது.

1999-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மரபணுச் சோதனையில் 16 திராட்சை வகைகள் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை என்று தெரிந்தது. ஒரு பக்கம் ராஜ மரியாதை பெற்ற பினோ. இன்னொரு பக்கம் குவே ப்ளாங், குடியானவர்கள் வளர்த்த, யாரும் மதிக்காத வெள்ளைத் திராட்சை. பிள்ளைகளில் மெலன் உண்டு, பிலிப் பிடுங்கச் சொன்ன காமே உண்டு, உலகமே கொண்டாடும் ஷார்டனேயும் உண்டு! ஜாதகம் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் :-)

இன்றைக்கும் பர்கண்டியில் வெஸ்லே ஊர்ப் பக்கம் கொஞ்சம் மெலன் பயிராகிறது. ஆனால் அதன் பாட்டிலில் வெறுமனே 'பூர்கோன்' என்று போட அனுமதி இல்லை. ஒரு படி கீழான வேறொரு பெயரில்தான் விற்க வேண்டும்.