புகை சூழும் நாளில் உயிர் எனும் அமானிதம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

2013ஆம் ஆண்டு ஜூன் 21, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம் நெருங்கிய நண்பகலில் சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐக் கடந்தாலே அபாயம் என்பது அங்குள்ள கணக்கு. தீ எரிந்ததோ கடலுக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவிய நகரம் சிங்கப்பூர். நம் குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் இன்றும் அங்கு வாழ்கின்றன. எனவே அந்தப் புகையின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

தோட்டப் பயிர்களுக்காக நிலத்தைத் தீயிட்டுத் திருத்தும் வழக்கமே அதன் மூலம். இலைதழைகள் மட்கிப் படிந்த சதுப்பு நிலத்தில் பற்றிய தீ, மேலே அணைந்தாலும் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். எல் நினோவால் மழை பொய்த்த 1997இல் அப்புகை மலேசியாவையும் மூடியது. செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எல்லை தாண்டும் புகையைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002இல் ஒப்பந்தம் செய்தன. இந்தோனேசியா அதற்கு ஒப்புதல் அளிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

2016இல் இந்தோனேசிய உலமா பேரவை ஒரு ஃபத்வா வெளியிட்டது. பிறருக்குக் கேடு விளைவிக்கும் வகையில் காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம். அதற்குத் துணைபோவதும், அதைக் கண்டும் விட்டுவிடுவதும், அதனால் ஆதாயம் பெறுவதும் ஹராம் என்று அது தீர்ப்பளித்தது.

இக்கவலை நம் மரபுக்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் எகிப்தின் மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், ஃபுஸ்தாத் நகரின் குறுகிய தெருக்களையும், உயர்ந்த கட்டடங்களையும், குளியலகங்களின் உலைப்புகையையும் அந்நகர மக்களின் நோய்களோடு இணைத்து எழுதினார். அடுத்தடுத்து வீடுகள் நெருங்கி நிற்கும் நம் திருவல்லிக்கேணிச் சந்துகளுக்கும் அவரது கவனிப்பு பொருந்தும். சந்து முனையில் ஒருவர் எரிக்கும் குப்பை பத்து வீடுகளின் மூச்சில் கலக்கிறது.

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடி குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. அது ரமளானின் இறுதிப் பத்து. அழுகும் குப்பையில் உருவாகும் மீத்தேன் வாயு, சதுப்பு நிலத் தீயைப் போலவே, நெருப்பை உள்ளுக்குள் உயிரோடு வைத்திருக்கும்.

இத்தகைய நாளில், “அல்லாஹ் காப்பான், முகக்கவசம் எதற்கு?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. தவக்குல் என்பது காரணங்களைக் கைவிடுவதன்று. 2019இல் சுமத்ராவின் பெக்கான்பாருவில் மழைவேண்டித் தொழுதவர்கள், தீயணைப்புப் பணியை நிறுத்திவிட்டுத் தொழவில்லை. மார்க்கம் காக்கும் ஐந்து நோக்கங்களுள் உயிரையும் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்துரைத்தார். மழையால் சேறு நிறைந்த ஒரு ஜும்ஆ நாளில் மக்களை வீடுகளிலேயே தொழுதுகொள்ளச் சொல்லி அறிவிக்குமாறு இப்னு அப்பாஸ் (ரலி) முஅத்தினைப் பணித்தார்கள். சேற்றுக்கே சலுகை உண்டெனில், புகையில் மூச்சிரைக்கும் முதியவருக்கு இல்லாமற்போகுமா? நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகையையும் குர்ஆன் வழங்குகிறது.

புகையின் நுண்துகள்கள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. நுரையீரலின் ஆழத்தையும் இரத்தத்தையும் சென்றடைபவை. கைக்குட்டையோ துப்பட்டாவோ அவற்றைத் தடுக்காது. மூக்கோடும் கன்னத்தோடும் இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசமே பயன்தரும். புகை அடர்ந்த வேளையில் சன்னல்களை அடைத்து, கடற்காற்று வந்து தெளிந்தபின் திறக்கலாம். வெள்ளிக்கிழமையாயினும் அன்று சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம், கொசுவர்த்தியையும் தவிர்க்கலாம். வீட்டைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது நன்று. ஆஸ்துமா உள்ளோர் இன்ஹேலரைக் கையருகே வைத்திருக்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றின் நிலையைப் பார்த்து, முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் ஆகியோரை வீட்டிலேயே தொழுமாறு ஜமாஅத் நிர்வாகமே முன்கூட்டி அறிவித்தால், அவர்கள் மனச்சங்கடமின்றி வீட்டிலிருப்பர்.

பிறர் மூட்டிய தீயிலிருந்து நம்மைக் காப்பது பாதிக் கடமை. நம் வாசலில் குப்பைக்குத் தீ வைக்காதிருப்பது மீதிப் பாதி. வல்ல நாயன் நம் அனைவரின் மூச்சையும் பாதுகாத்து, நம்மால் எவர் மூச்சும் துன்புறாமல் வாழ அருள்புரிவானாக. ஆமீன்.